நாயுடன் கால்வாய்ப் படகில் ஒரு வாரம்: எல்ஸ்மியர் முதல் லாங்கோத்லென் வரை

கவன்ட்ரி ரமேஷ் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் இரண்டாவது வாரம் ஏழு நாளுக்கு ஒரு நேரோபோட் (கால்வாயில் போகிற ஒல்லிப் படகு) வாடகைக்கு எடுத்திருக்கிறோம். 57 அடி நீளம், ஏழடிக்கும் குறைவான அகலம். பேருந்தைப் பிழிந்து நீட்டியது போல இருக்கிறது. ஷ்ராப்ஷரில் எல்ஸ்மியரில் கிளம்பி, வேல்ஸில் லாங்கோத்லென் போய், அதே வழியில் திரும்ப வேண்டும். நான், மனைவி, பன்னிரண்டு வயது மகள், அப்புறம் பஞ்சு. பஞ்சு எங்கள் நாய், நான்கு வயது காக்கப்பூ, ஸ்பேனியலும் பூடிலும் கலந்த இனம். 12 கிலோ. அணிலைக் கண்டால் காது கேட்காது.

படகைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பிச்சாவரத்தில் உட்கார்ந்து போனதுதான். அங்கே துடுப்புப் போட்டவர் வேறு ஆள். இங்கே லைசென்ஸும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அரைமணி நேரம் சொல்லிக் கொடுத்துவிட்டு சாவியைக் கையில் தந்துவிடுவார்கள் என்கிறார்கள். என்னை நம்பி எப்படித் தருகிறார்கள் என்பதே எனக்குப் புரியவில்லை. அது போகட்டும், பஞ்சுவைப் பற்றித்தான் கவலை.

லாக், அதாவது படகை ஏற்றி இறக்குகிற அந்தத் தண்ணீர்த் தொட்டி, வரும்போது நாயை எங்கே வைப்பது? பகல் முழுக்கப் படகு போனால் அவன் ஒன்றுக்கு எங்கே போவான்? நூறடிக்கு மேல் உயரத்தில் ஒரு பாலத்தின் மேல் படகு போகுமாமே, ஒரு பக்கம் கைப்பிடியே கிடையாதாமே? மனைவி அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து "நாயை உங்க தங்கச்சி வீட்டுல விட்டுட்டுப் போலாம்" என்கிறாள். மகள் "அப்படின்னா நானும் அத்தை வீட்டுலயே இருந்துக்கிறேன்" என்கிறாள். நாயோடு போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பூனைக்காரன் எழுதியது:

பூனை வளர்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. போகட்டும். முதுகில் கைப்பிடி வைத்த நாய் லைஃப் ஜாக்கெட் ஒன்று வாங்குங்கள். நீந்தத் தெரிந்த நாய்க்கும் வேண்டும்.

செல்வி, நார்த்தாம்ப்டன் எழுதியது:

ரமேஷ், நாயை விட்டுவிட்டுப் போகாதீர்கள். நாங்கள் எட்டு வருடமாக ஒவ்வொரு கோடையிலும் கருப்பனோடு போகிறோம். கருப்பன் லாப்ரடார் கலப்பு, இப்போது பதினொரு வயது, மூட்டு வலி. லாங்கோத்லென் இரண்டு முறை போயிருக்கிறோம்.

முதலில் நல்ல செய்தி. அந்தக் கால்வாய் முழுக்க 46 மைல், 21 லாக். ஆனால் எல்ஸ்மியரில் ஏறி மேற்கே போகிற உங்களுக்கு வருவது இரண்டே லாக், நியூ மார்ட்டன் என்ற இடத்தில் அடுத்தடுத்து. திரும்பும்போது அதே இரண்டு. வாரம் முழுக்க நான்கு தடவைதான். கைப்பிடி இல்லாத பாலத்தை நினைத்துப் பயப்படுகிறீர்கள். நான் பயப்படச் சொல்வது வேறு இடம்: படகுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கும் அந்த ஓரடி இடைவெளி.

படகின் இரண்டு பக்கமும் ஓரமாக ஒரு சாண் அகலம்கூட இல்லாத இரும்பு விளிம்பு ஓடும். கன்னல் என்பார்கள். பெயரில்தான் கரும்பு, மழை பெய்தால் அதைவிட வழுக்கும் இடம் வேறில்லை. நாய் அதில் நடக்கப் பார்க்கும். விடாதீர்கள். கரை ஏறுவதும் இறங்குவதும் எப்போதும் ஒரே பக்கமாக, படகை நிறுத்திய பிறகு, நீங்கள் "வா" என்று சொன்ன பிறகு. எங்களிடம் ஒரு பழைய கால் மிதியடி இருக்கிறது. அதைப் படகின் முன்பக்கத் தளத்தில் போடுவேன். மிதியடி போட்டால்தான் இறங்கலாம் என்று கருப்பனுக்குத் தெரியும். இரண்டு நாளில் பழகிவிட்டான்.

பழகிய நாயும் ஏமாறும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜூலை மாதம் லண்டன் பக்கம் லீ நதிக் கால்வாயில் போய்க்கொண்டிருந்தோம். வெயில் காலத்தில் அங்கே தண்ணீர் தெரியாமல் பச்சைப் பாசி மூடிவிடும், சின்னச் சின்ன இலைப் பாசி. மேலே இருந்து பார்த்தால் கத்தரித்து விட்ட புல்தரை. கருப்பன் முன்தளத்தில் நின்று அதைப் பார்த்தான், பார்த்தான், அப்புறம் மிக நிதானமாக, பூங்காவுக்குள் நுழைகிற மாதிரி காலை எடுத்து வைத்தான். குதிக்கவில்லை, தவறி விழவும் இல்லை, நடந்து இறங்கினான். ஒரு சத்தமும் இல்லை. அவன் உருவத்தில் ஒரு கறுப்பு ஓட்டை மட்டும் பாசியில். அடுத்த நொடி தலை வெளியே வந்தது, புருவமெல்லாம் பச்சைப் புள்ளி, முகத்தில் அப்படி ஒரு அவமானம்.

சுக்கான் என் வீட்டுக்காரர் கையில். அவர் செய்த முதல் வேலை எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தது. இதை வீட்டில் மூன்று பேரும் மனப்பாடம் செய்யுங்கள். நாய் விழுந்தாலும் மனிதர் விழுந்தாலும் முதலில் நியூட்ரல். படகு ஓடுகிற அவசரத்தில் பின்னால் இழுக்கத்தான் கை போகும். ரிவர்ஸ் போட்டால் பின்னால் சுற்றுகிற புரொப்பெல்லர் விழுந்தவரைத் தன்பக்கம் இழுக்கும். நியூட்ரலில் மெதுவாக நின்றாலும் பரவாயில்லை.

அப்புறம் கைப்பிடி. பூனைக்காரன் சொன்னது சரி. கால்வாய் ஆழம் பல இடத்தில் நாலடிகூட இருக்காது, நமக்கு இடுப்பளவு. ஆனால் கரை பல இடத்தில் செங்குத்தான இரும்புத் தகடு. நாய் நீந்தி வரும், ஏறத்தான் முடியாது. 30 கிலோ கருப்பனை வெறும் காலர் பட்டையைப் பிடித்து இழுத்திருந்தால் கழுத்து என்ன ஆகும்? கைப்பிடி இருந்ததால் நான் மண்டி போட்டு ஒரே தூக்கு. அப்புறம் அவன் உடம்பை உதறினான் பாருங்கள், படகுக்குள் சுவர், தலையணை, சாம்பார் சட்டி, எல்லாவற்றிலும் பாசி.

லாக்குக்கு வருகிறேன். லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த கல் தொட்டி. உங்கள் வழியில் இருப்பது குறுகிய வகை, ஏழடி அகலம். படகு 6 அடி 10 அங்குலம். பக்கச் சுவரில் உரசிக்கொண்டுதான் நிற்கும். கதவில் இருக்கும் மடையை இரும்புச் சாவி போட்டுச் சுற்றித் திறந்தால் தண்ணீர் ஏறும் அல்லது இறங்கும். அந்தச் சாவிக்கு வின்ட்லஸ் என்று பெயர். கையில் வின்ட்லஸ் இருக்கும்போது நாய்க் கயிறு இருக்கக் கூடாது. ஒன்று அது, இல்லாவிட்டால் இது.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் வருடம். நாங்கள் படகு எடுத்த இடத்தில் டீசல், கழிவறை, கேஸ் எல்லாம் விளக்கினார்கள், நாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இறங்கும் லாக். படகில் நான், கரையில் அவர். கருப்பன் கயிற்றை அவர் லாக் கதவின் நீண்ட மரக்கையில் கட்டிவிட்டு மடையைத் திறக்கப் போனார். தண்ணீர் இறங்க இறங்க நான் கீழே போகிறேன். அதை நாயின் கண்ணால் யோசித்துப் பாருங்கள்: அம்மா பள்ளத்துக்குள் இறங்கி மறைந்துகொண்டிருக்கிறாள். அழுதான், குரைத்தான், அப்புறம் என்னை நோக்கிக் குதித்தான். கயிறு நீளம் போதவில்லை. சுவரோரமாக அந்தரத்தில் தொங்கினான். அவர் ஓடி வந்து தூக்குவதற்குப் பத்து நொடி ஆகியிருக்குமோ என்னவோ, எனக்கு அது இன்றைக்கும் முடியவில்லை. கழுத்தில் இல்லாமல் மார்பைச் சுற்றிக் கட்டுகிற ஹார்னஸ் போட்டிருந்ததால் பிழைத்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம்: லாக்கில் கருப்பன் அறைக்குள், இரண்டு கதவும் சாத்தி. எதிலும் கட்டுவதில்லை. படகிலும் இல்லை, கரையிலும் இல்லை. உள்ளே இருந்தால் அவன் ஏறுவதும் இறங்குவதும் அவனுக்குத் தெரியாது. ஒரு பிஸ்கட்டோடு முடிந்துவிடும்.

ஆஷ்பி சிவம் எழுதியது:

தம்பி ரமேஷ், நான் ஓய்வு பெற்ற பிறகு ஐந்து வருசம் படகிலேயே இருந்தவன். செல்வி சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. இறங்கும் லாக்கில் மேல் கதவுக்குக் கீழே ஒரு கல் படி நீட்டிக்கொண்டு இருக்கும், சில் என்று சொல்வார்கள். வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். படகின் பின்பக்கம் அதன்மேல் குந்திவிட்டால் முன்பக்கம் இறங்கிக்கொண்டே போகும், படகு சரியும், தண்ணீர் உள்ளே வரும். அந்த நேரத்தில் நாய் உள்ளே அடைபட்டிருப்பது எனக்குப் பிடிக்காது. என்ர நாயை நான் எப்போதும் கரையில் இன்னொருவர் கையில் கொடுத்து, ஓரத்தில் இருந்து தள்ளி நிற்கச் சொல்வேன்.

இன்னொன்று. நீங்கள் கவன்ட்ரி. ஆஷ்பி கால்வாய் உங்களுக்குப் பக்கத்தில்தான், பெட்வர்த் கிட்ட மார்ஸ்டன் சந்தியில் தொடங்குகிறது. 22 மைல், ஒரு லாக்கும் இல்லை. அந்தப் பக்கம் ஒரு நாள் வாடகைப் படகு எடுத்து நாயை ஏற்றிப் பாருங்கோ. ஒத்துவராவிட்டால் ஒரு நாளோடு போச்சு. நடுவழியில் தெரிந்துகொள்வதைவிட நல்லது.

செல்வி, நார்த்தாம்ப்டன் எழுதியது:

சிவம் அண்ணா, ஒரு நாள் ஒத்திகை பார்க்கச் சொன்னது மிக நல்ல யோசனை. எனக்குத் தோன்றவே இல்லை. சில் விஷயமும் சரிதான், அதனால்தான் கதவைச் சாத்தச் சொன்னேன், பூட்டச் சொல்லவில்லை. வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் படகை முன்னால் வைப்பது ஓட்டுகிறவர் வேலை, அதில் கண் எடுக்கக் கூடாது.

ஆனால் கரையில் "இன்னொருவர்" யார்? ரமேஷ் சுக்கான் பிடித்தால் மனைவி மடை திறப்பார். மிஞ்சுவது பன்னிரண்டு வயதுப் பெண். அணிலைக் கண்டு பாய்கிற நாயை அவள் கையில் கொடுத்து லாக் பக்கத்தில் நிறுத்த எனக்கு மனசு வராது. பெரியவர் மூன்று பேர் இருந்தால் உங்கள் வழி.

கவன்ட்ரி ரமேஷ் எழுதியது:

அக்கா, அந்தத் தொங்கின கதையைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். மனைவிக்குக் காட்டவில்லை. ஹார்னஸ், ஜாக்கெட் இரண்டும் வாங்கியாகிவிட்டது. சிவம் ஐயா, அடுத்த சனிக்கிழமைக்கு ஒரு நாள் படகு பதிவு செய்துவிட்டேன்.

மீதிக் கேள்விகள்: ஒன்றுக்கு, ரெண்டுக்கு? அந்தப் பாலம்? தடுப்பூசி ஏதாவது தனியாகப் போட வேண்டுமா?

செல்வி, நார்த்தாம்ப்டன் எழுதியது:

ஒன்றுக்குப் போவதில் பிரச்சினையே வராது. கால்வாயில் வேக வரம்பு மணிக்கு நாலு மைல், நடைமுறையில் மூன்றுதான். கட்டி நிறுத்திய படகுகளைத் தாண்டும்போது அதுவும் கிடையாது. நாய் நடக்கிற வேகமும் அதுதான்! கரையோரம் பாதை கூடவே வரும், ஒரு காலத்தில் குதிரை நடந்து படகை இழுத்த பாதை. பாலத்துக்கு அடியில் கால்வாய் குறுகி, படகு கரையை ஒட்டிப் போகும். அங்கே மெதுவாக நிறுத்தி மகளும் பஞ்சுவும் இறங்கினால் அடுத்த பாலம் வரை நடந்து வருவார்கள். பாலங்களுக்கு எண் உண்டு, "38ல் ஏறுறேன்" என்று போனில் சொன்னால் போதும். அவசரத்துக்கு யாரையாவது கூப்பிட வேண்டி வந்தாலும் அந்த எண்ணைச் சொல்லுங்கள். வயலுக்கு நடுவில் தெருப் பெயர் கேட்டால் எதைச் சொல்வது?

லாங்கோத்லெனுக்கு முந்தின கடைசிப் பகுதியில் இதுவே பெரிய உதவி. அங்கே சில இடங்களில் ஒரு படகுதான் போகும். எதிரே யாரும் வரவில்லை என்று பார்க்க ஒருவர் முன்னால் நடக்க வேண்டும். எங்களுக்கு அந்த வேலை எப்போதும் கருப்பனுக்கும் எனக்கும்தான். படகு எங்களுக்குப் பின்னால் ஊர்ந்து வரும், கோயில் யானைக்குப் பின்னால் தேர் வருகிற மாதிரி.

பாதையில் கயிறு அவசியம். மீன் பிடிப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், தூண்டில் முள் புல்லில் கிடக்கும். அதைவிட, அவர்களின் புழு டப்பா. கருப்பன் ஒருமுறை ஒரு பெரியவரின் புழுவை முழுசாகத் தின்றுவிட்டு அவர் சாண்ட்விச்சையும் பார்த்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை, என்னைத்தான் பார்த்தார். ரெண்டுக்குப் போனால் பையில் எடுத்து, குப்பைத்தொட்டி வரும்வரை வைத்துக்கொள்ளுங்கள். பையைக் கட்டி வேலியில் மாட்டிவிட்டுப் போகிறவர்களை எனக்கு மன்னிக்க முடியாது.

தடுப்பூசி: எலி மூத்திரத்தால் தண்ணீரில் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ். வருடாந்தர ஊசியில் அது பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும், பஞ்சுவுக்குத் தேதி தாண்டவில்லையே என்று டாக்டரிடம் கேளுங்கள். வெயில் காலத்தில் தண்ணீர் மேல் பச்சைப் பெயின்ட் கொட்டினது போல ஆடை படிந்திருந்தால் பக்கத்திலேயே விடாதீர்கள். நான் முன்னே சொன்ன பாசி வேறு, இது வேறு. இது நாயைக் கொல்லும். குடிக்க எப்போதும் குழாய்த் தண்ணீர். உண்ணி எடுக்கும் கொக்கியும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அதில் உங்கள் கைபேசி எண்ணையும் சேர்த்துவிடுங்கள், வீட்டு எண்ணில் யாரும் எடுக்கப் போவதில்லை.

படகின் மேல்கூரை இரும்பு. நல்ல வெயிலில் தோசைக்கல். சில நாய்கள் மேலே ஒய்யாரமாக உட்கார்ந்து போவதைப் படத்தில் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

இப்போது பாலம். முதலில் ச்சர்க் வரும், 1801ல் கட்டியது, 70 அடி உயரம், பக்கத்திலேயே அதைவிட உயரத்தில் ரயில் பாலம். அதைத் தாண்டின கையோடு 459 கெஜச் சுரங்கம். எதிர் நீரோட்டம் இருக்கும், படகு நகர்கிறதா என்று சந்தேகம் வரும். கருப்பன் பாலத்துக்குப் பயப்படவில்லை, இந்தச் சுரங்கத்துக்குத்தான் நடுங்கினான். இருட்டு, மேலிருந்து சொட்டு, எஞ்சின் சத்தம் நாலு மடங்கு. முன்கூட்டியே உள்ளே விளக்கைப் போட்டு, யாராவது பக்கத்தில் உட்காருங்கள்.

அப்புறம் பெரியது, பொன்ட்கசல்ட்டே. டெல்ஃபோர்ட், ஜெசப் என்ற பொறியாளர்கள் கட்டி 1805ல் திறந்தது. டீ ஆற்றுக்கு மேலே 126 அடி, 18 தூண், ஆயிரம் அடி நீளத்துக்கு ஓர் இரும்புத் தொட்டி. ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும் உண்டு. மறுபக்கம் தொட்டியின் விளிம்பு தண்ணீருக்கு மேல் சில அங்குலம்தான், அதற்கப்பால் காற்று. நாயை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துங்கள். இல்லையென்றால் மனைவியும் மகளும் அவனைக் குட்டைக் கயிற்றில் பிடித்து நடைபாதையில் கூட வரட்டும். படகும் நடையும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். திறந்த தளத்தில் மட்டும் வேண்டாம். ஒரு புறா பறந்தால் போதும்.

கவன்ட்ரி ரமேஷ் எழுதியது (செப்டம்பர்):

போய் வந்துவிட்டோம். நால்வரும் முழுசாக.

ஒத்திகை நாளில் பஞ்சு முதல் ஒரு மணி நேரம் மேசைக்கு அடியில் நடுங்கினான். எஞ்சின் அதிர்வு பிடிக்கவில்லை. சாயங்காலம் அதே அதிர்வில் தூங்கிவிட்டான். அந்த ஒரு நாள் இல்லாமல் போயிருந்தால் முதல் இரவே திரும்பியிருப்போம்.

மிதியடி யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டோம். வீட்டு வாசல் மிதியடியையே கொண்டுபோனோம், அதில் அவன் வாசனை இருந்தது. மூன்றாம் நாள் அதைச் சுருட்டிக் கையில் எடுத்தாலே வாலாட்ட ஆரம்பித்துவிட்டான். அக்கா சொன்ன மாதிரி சுரங்கத்தில்தான் ஊளையிட்டான். எதிரொலி கேட்டு, உள்ளே வேறு நாய் இருக்கிறது என்று நினைத்து அதற்கும் பதில் சொன்னான். கால் மணி நேரம் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள்.

பெரிய பாலத்தில் மனைவி நடக்கவே மாட்டேன் என்று சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு பஞ்சுவோடு உள்ளே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் மகளும் பின்னால் சுக்கானில். ஒரு பக்கம் பார்த்தால் நடந்து வருகிறவர்கள், மறுபக்கம் கீழே மரங்களின் தலை. பாதி வழியில் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஜன்னல் திரையெல்லாம் இழுத்து மூடியிருந்தது. அவள் கண்ணையும் மூடிக்கொண்டு அவன் காதைப் பிடித்திருந்தாள். யார் யாருக்குத் துணை என்று தெரியவில்லை. நாயை விட்டுவிட்டுப் போகலாம் என்று சொன்னவளும் அவள்தான்!

லாக்கில் நான்கு தடவையும் பஞ்சு உள்ளே. ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது நியூ மார்ட்டனில் தண்ணீரில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான், அதுவும் நாயில்லை. வின்ட்லஸ். போட்டது நான். படகைத் திருப்பிக் கொடுக்கும்போது அதற்குத் தனியாகக் காசு பிடித்தார்கள்.

செல்வி, நார்த்தாம்ப்டன் எழுதியது:

ஒன்றுதானே? எங்கள் கணக்கு மூன்று.